நெஞ்சுப் பொருத்தம்

உலகத்தில் இதுவரை படைக்கப்பட்ட நுரையீரல்களிலேயே தலைசிறந்தது வடசென்னைக்காரனின் நுரையீரல். இப்படிச் சொன்னவன் சுஃபியான். சொன்ன இடம் பல்கலைக்கழக கேன்டீன். சொன்ன தோரணை, உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பவருடையது. சிரித்துவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய வாதம் இதுதான். காசிமேட்டில் பிறக்கிற குழந்தை முதல் அழுகைக்கு இழுக்கிற காற்றிலேயே மீனும் டீசலும் இருக்கும். தண்டையார்பேட்டைக்கு வந்தால் அதோடு எண்ணெய் வாடை சேரும். திருவொற்றியூரைத் தாண்டினால் உரம். எண்ணூரை நெருங்கினால் சாம்பல். இத்தனையையும் வாங்கி, வடிகட்டி, உயிருக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொண்டை வழியாகத் திருப்பி அனுப்புகிற உறுப்பை வேறெங்கே போய்ப் பார்ப்பது?

"ஊட்டிக்காரனுக்கும் நுரையீரல் கீது. இன்னா வேல பாக்குது? சும்மா கீது," என்றான். "நம்முது டூட்டி பாக்குது மாமு."

எதிரே இருந்த பெனிட்டோ ஆமாம் என்று தலையாட்டினான். பெனிட்டோ வியாசர்பாடிக்காரன், குத்துச்சண்டை வீரன், பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விடுதியில் தங்கியிருப்பவன். அவனுடைய அறைத்தோழன் இசக்கிப்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரன். அவன் தலையாட்டவில்லை, வடையில் மும்முரமாக இருந்தான். அந்த மேசையில் இதை வேதவாக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தி. சுஃபியானின் தங்கை ஆஃபியா.

அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. முதலாண்டு மாணவி. பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. எம்.கே.பி. நகரில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பெண்கள் பந்து ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அம்மா ரஹீமுன்னிசா வெகுநாள் முரண்டு பிடித்துவிட்டு, மைதானத்தில் அண்ணன் நிற்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு இறங்கிவந்திருந்தார். அணியில் இடம் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் அம்மா அதையே சாக்காக வைத்து ஷூவைப் பரணில் ஏற்றிவிடுவார். இதில் ஒரு தடங்கல். பாதி மைதானம் ஓடியதும் ஆஃபியாவின் நெஞ்சை உள்ளேயிருந்து யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருந்தது. அண்ணனிடம் சொன்னாள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஓடு என்றான் அண்ணன். எல்லாருக்கும் அப்படித்தான் என்றால், தான் மட்டும் நின்றுவிடுவது சோம்பேறித்தனம் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

சுஃபியானுக்குப் படிப்பு வணிகவியல், தொழில் நக்கல். கேன்டீன் எதிரே இருக்கும் அறிவிப்புப் பலகையில் கையால் எழுதிய சுவரொட்டி ஒன்றை வாராவாரம் ஒட்டுவான். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் அது எல்லார் போனிலும் இருக்கும். துணைவேந்தர் முதல் தெருநாய்வரை எல்லாரையும் சரிசமமாகக் கிண்டல் செய்கிறான் என்று பெயர் வாங்கியிருந்தான். சமீபகாலமாக அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது பல்கலைக்கழக மருத்துவ அறை.

முன்பெல்லாம் அது சிரிப்புக்குக்கூட லாயக்கில்லாத இடம். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி ஒரு கம்பி ஜன்னல். அதற்குப் பின்னால் கம்பவுண்டர் சுப்பராயன். "யாருப்பா வயித்தால போறது? முன்னால வா," என்று அவர் விடும் குரல் நூலகம்வரை கேட்கும். அந்தக் குரலுக்கு எழுந்து போகிற துணிச்சல் உள்ளவனுக்கு வைத்தியமே தேவைப்படாது. காசிமேட்டிலிருந்து வரும் ஆண்ட்ரூவுக்குக் காது கேட்காது. அவன் காய்ச்சலோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தன்னைக் கூப்பிட்டதே தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறான். பெருக்குகிறவர்களுக்கும் காவலாளிகளுக்கும் ஜன்னலே கிடையாது; அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்கு வரும் தலைவலியும் ஒப்பந்தத் தலைவலி.

பிறகுதான் டாக்டர் ரெஜினா வந்தார். தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஞானதுரையின் மகள். வந்ததும் கம்பி ஜன்னலை இடித்துவிட்டுக் கதவு வைத்தார். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டினார். பெயரையும் வியாதியையும் கூவுவதை நிறுத்தி, சுவரில் எண் விளக்கு மாட்டினார். பெண்களுக்கென்று தனி நேரம் வைத்தார். வளாகத்துக்குள் சம்பளம் வாங்குகிறவர், ஃபீஸ் கட்டுகிறவர், இரண்டும் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், யாராயிருந்தாலும் வரலாம் என்றார். கேன்டீனில் ரொட்டி போடும் ஒடிசாக்காரர்களிடம் எங்கே வலிக்கிறது என்று அவர்கள் பாஷையிலேயே கேட்கச் சுப்பராயன் கற்றுக்கொண்டார். அதை அவர் மெல்லிய குரலில் கேட்டதுதான் பெரிய அதிசயம்.

சுஃபியான் ஒன்றையும் விடவில்லை. விளக்குக்கு 'மருத்துவ அறையில் தீபாவளி' என்று ஒட்டினான். சரிவுக்கு 'சறுக்கு மரம் திறப்பு விழா'. ரெஜினா அவற்றைப் படித்துவிட்டு நன்றாகவே சிரித்தார் என்று சுப்பராயன் சொன்னார். அது சுஃபியானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம் ரெஜினா வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வருமா? உள்ளூர்ப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் இல்லை என்றார்கள். ராயபுரம் இல்லை, எண்ணூர் இல்லை, வியாசர்பாடி கேள்வியே இல்லை. எண்ணூர்ச் சாலையில் இப்படியொரு சுத்தமான நெஞ்சு விளைகிறதா என்று அவருக்கே திகைப்பு. அந்தச் சமயத்தில்தான் இசக்கிப்பாண்டி காலில் ஆணி குத்திக்கொண்டு போனான். அவனுக்கு விசில் வரவில்லை. ஆனால் சொல்வதற்கு வேறொன்று இருந்தது.

"எனக்கு இல்ல டாக்டரம்மா. எங்கூட இருக்கானே பெனிட்டோ, அவன் தூங்குனாம்னா நெஞ்சுக்குள்ள ஆரோ புல்லாங்குழல் வாசிக்க மாரி கேக்கும். வந்த அன்னைக்கு எலிக்குஞ்சுன்னு நெனச்சு கட்டிலுக்கு அடியில தேடிட்டேன்."

பெனிட்டோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் ரொம்பவும் புண்பட்டுப்போனான். வீசிங் என்றால் அவனுக்குத் தெரியும். நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. இது அதில்லை.

"இது மூச்சு டாக்டர்," என்றான். "மூச்சுன்னா சவுண்டு வராதா? அவுனுக்கு வர்லன்னா அவுனப் பாருங்கோ."

அங்கேதான் ரெஜினாவுக்கு விஷயம் பிடிபட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்கு விசிலடித்து, அம்மாவுக்கு விசிலடித்து, எதிர்வீட்டுக்காரருக்கும் விசிலடித்தால், பிள்ளை அதை விசில் என்று எப்படிச் சொல்லும்? சத்தமில்லாத மூச்சை அவர்கள் கேட்டதே இல்லை. கேள்வியை மாற்றுவதில் பயனில்லை, கேட்க வைக்க வேண்டும். மருத்துவ அறை வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டார். ஆணியில் ஸ்டெதாஸ்கோப் ஒன்றைத் தொங்கவிட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூர்க்காரர் ஒருவர் சேர்ந்து உட்கார வேண்டியது. முதலில் அடுத்தவர் நெஞ்சு, பிறகு சொந்த நெஞ்சு. ஆணோடு ஆண், பெண்ணோடு பெண். அவ்வளவுதான் வைத்தியம்.

முதல் நாள் ஆண்ட்ரூ வந்து, காதைக் காட்டி, தனக்கு இதில் என்ன பங்கு என்று கையால் கேட்டான். ரெஜினா அவன் உள்ளங்கையை எடுத்து இசக்கிப்பாண்டியின் முதுகில் வைத்தார். பிறகு பெனிட்டோவின் முதுகில். ஆண்ட்ரூ கண்ணை மூடிக்கொண்டான். திறந்ததும், முதலாவதற்குக் கையைத் தட்டையாக நீட்டி மெதுவாக அசைத்தான்: அலையில்லாத கடல். இரண்டாவதற்கு முஷ்டியை மடக்கி அதிரவிட்டான்: விசைப்படகு இன்ஜின், அதுவும் எண்ணெய் குறைந்துபோன இன்ஜின். பெனிட்டோ அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூணுக்கு இந்தப் பக்கம் நின்று சுஃபியானும் பார்த்தான். அந்த முஷ்டி மனசை விட்டுப் போகவில்லை. அதை அமுக்குவதற்கு அவனிடம் ஒரே மருந்துதான் உண்டு. வீட்டுக்குப் போய் இதுவரை எழுதியதிலேயே உயர்ந்த சுவரொட்டியை எழுதினான்.

'நெஞ்சுப் பொருத்தம் பார்க்கப்படும். தென்காசி வரன்களுக்குத் தண்டையார்பேட்டை நெஞ்சங்கள் தேவை. கணப்பொருத்தம், ரஜ்ஜுப்பொருத்தம், சளிப்பொருத்தம் துல்லியமாகக் கணிக்கப்படும். பொருத்தம் அமைந்தால் மாத்திரை, அமையாவிட்டால் ஊசி. தரகர்: டாக்டர் ரெஜினா.' கீழே பெஞ்சில் மாலையும் கழுத்துமாக இரண்டு நுரையீரல்கள்.

பல்கலைக்கழகமே விழுந்து விழுந்து சிரித்தது. பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் கல்யாணப் பத்திரிகை எப்போது என்று கேட்டார்கள். பெண்கள் முதலில் வருவதை நிறுத்தினார்கள், பிறகு பையன்கள், பிறகு பெஞ்சில் ஒரு பூனை படுக்க ஆரம்பித்தது.

ரெஜினா கேன்டீனுக்கே வந்தார். டீ வாங்கிக்கொண்டு சுஃபியான் எதிரில் உட்கார்ந்து, அந்தச் சுவரொட்டி மழையில் நனைந்துவிட்டது, தன் அறையில் மாட்ட இன்னொன்று எழுதித்தர முடியுமா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தான். இல்லை.

"நல்லா எழுதுற தம்பி. படம் அதைவிட நல்லா இருக்கு." டீயைக் குடித்து முடித்தார். "பெஞ்சுதான் காலியாயிடுச்சு."



ஆள் எடுக்கும் நாளன்று காற்று வடக்கேயிருந்து வந்தது. மைதானத்தில் நின்ற உள்ளூர்க்காரர்கள் மோந்து பார்த்து எந்தக் கம்பெனி என்று பந்தயம் கட்டினார்கள். ஆஃபியா முதல் ஓட்டத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். சுஃபியான் கோட்டுக்கு வெளியே நின்று, டபுள் டூட்டி, டபுள் டூட்டி என்று கத்தினான். நடுக்கோட்டுக்கு அருகே அவள் வேகம் குறைந்தது. நின்றாள். முழங்காலில் கையூன்றிக் குனிந்தாள். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. பந்து அவளைத் தாண்டி உருண்டு போனது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் ஓடிப்போய்ப் பிடித்தபோது உதடு வெளுத்திருந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"எல்லாருக்கும்... இப்டிதான்னு... நீதானண்ணா சொன்ன."

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டான். அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அந்த பெஞ்சுலயா? நீ எழுதனப்புறமா?"

பயிற்சியாளர் மேடம் நல்லவர். டாக்டர் சரி என்று சொன்னால் அடுத்த வாரம் இன்னொரு முறை ஓடலாம், அதுதான் கடைசி என்றார். சுஃபியான் தங்கையை மெதுவாக நடத்தி மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனான். வாசலில் சுப்பராயன், இது பெண்கள் நேரம், நீ வெளியே இரு என்று கதவைச் சாத்தினார். உட்கார அந்தப் பெஞ்சைத் தவிர வேறு இடமில்லை. பூனை நகர்ந்து இடம் கொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இவள், அண்ணனும் கேட்க வேண்டும் என்கிறாள், உள்ளே வா என்றார் ரெஜினா. ஆஃபியா நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரெஜினா ஸ்டெதாஸ்கோப்பை அவன் காதில் மாட்டி, வட்டைத் தங்கையின் முதுகில் சட்டைமேல் வைத்து அழுத்தச் சொன்னார்.

சுஃபியானுக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து தெரியும். தண்டையார்பேட்டை வீட்டில் விளக்கை அணைத்ததும் அதுதான் கேட்கும். அத்தாவிடமிருந்து ஒன்று, கட்டைக் குரலில். அம்மாவிடமிருந்து ஒன்று, மெல்லியதாக. பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து ஒன்று. துருப்பிடித்த கதவுகள் ஒரே நேரத்தில் திறப்பதுபோல, தூரத்தில் கப்பல் ஊதுவதுபோல, கொதிக்கப்போகும் கெட்டில்போல. வீடு தூங்குகிறது, எல்லாரும் பத்திரம் என்பதற்கு அவனுக்கு அதுதான் அடையாளம். சின்ன வயதில் அந்தத் தாலாட்டு இல்லாமல் அவனுக்குத் தூக்கமே வந்ததில்லை.

"இது மூச்சுதானே டாக்டர்," என்றான்.

ரெஜினா ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் இன்ஹேலரைப் பொருத்தி, ஆஃபியாவை மெதுவாக இழுத்து அடக்கச் சொன்னார். திரும்பவும் ஒருமுறை. பிறகு மருந்து வேலை செய்யக் காத்திருந்தார்கள். வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மறுபடி வட்டை வைத்தான். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கப்பல் தள்ளிப் போனது. ஒரே ஒரு மெல்லிய விசில் மட்டும் ஓரத்தில் பிடிவாதமாக நின்று, அதுவும் தேய்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கருவி பழுதோ என்று நினைத்து வட்டைத் தட்டப்போனான். அப்போதுதான் அது கேட்டது.

காற்று. வெறும் காற்று. உள்ளே போனது, எங்கேயும் முட்டாமல், எதையும் உரசாமல், அடிவரைக்கும் போனது; போய், அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது. விடியற்காலையில் ஆளில்லாத கரையில் தண்ணீர் மணலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்குமே, அந்தச் சத்தத்தில் பாதி. தன் தங்கைக்குள்ளே இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் வளர்ந்தவள். அவள் உள்ளே ஒரு வானமே இருந்திருக்கிறது, அதன் வாசலில் இத்தனை இரைச்சல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான். அதுவும் வந்தது. அதற்கடுத்ததும். தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை.

"இது இன்னா சத்தம்?" குரல் தாழ்ந்துபோயிருந்தது. தொழுகையில் நிற்கிறவன்போல் நின்றான்.

"இதுதான் மூச்சு," என்றார் ரெஜினா.

தனக்கும் விசில் உண்டு என்று அவரே சொன்னார். மருத்துவக் கல்லூரி விடுதியில் மார்த்தாண்டத்துத் தோழி ஒருத்தி எழுப்பி உட்காரவைத்துக் கேட்கும்வரை அவருக்கும் தெரியாதாம். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. ஆஃபியா தாராளமாக ஆடலாம், மருந்தை ஒழுங்காக எடுத்தால். ஓடுவதற்கு முன் இன்ஹேலர், கொஞ்சம் காத்திருப்பு, பிறகு யாராவது முதுகில் வைத்துக் கேட்க வேண்டும். விசில் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அடுத்த வாரம் அவள் ஓடும் நாளில் பின்நேரம் துப்புரவுப் பணியாளர்களுக்கான நேரம், தன்னால் மைதானத்துக்கு வர முடியாது என்று சொல்லி, ஆணியில் தொங்கியதை எடுத்து நீட்டினார்.

யார் கேட்பது என்று ஆஃபியா கேட்கவில்லை. அண்ணன் பையைத் திறந்து, அதைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மைதானத்தில் கூட்டம் கொஞ்சம் அதிகம். சுஃபியான் அடுத்து என்ன எழுதப்போகிறான் என்று வாரம் முழுக்கக் காத்திருந்து, பலகை காலியாகவே இருப்பதைப் பார்த்த கூட்டம். பெனிட்டோவும் இசக்கிப்பாண்டியும் கோட்டருகே உட்கார்ந்திருந்தார்கள். ஆஃபியா கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மருந்தை இழுத்தாள். அடக்கினாள். காத்திருந்தாள். பிறகு நேராக அண்ணன் முன்னால் வந்து திரும்பி நின்றாள்.

"கேட்டுச் சொல்லுண்ணா. இருக்குதுன்னா நான் போகல."

பையிலிருந்து அந்தக் கருவி வெளியே வந்ததும் கோட்டோரத்தில் ஒரு விசில், நிஜ விசில், பறந்தது. நாலைந்து போன்கள் நிமிர்ந்தன.

"இன்னா மாமு," என்றான் பெனிட்டோ, "பொருத்தம் பாக்குறியா?"

சுஃபியான் நாக்கில் பதில் வந்து நின்றது. நல்ல பதில். அதை அப்படியே விட்டுவிட்டான். ஸ்டெதாஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டியிருந்தான். இசக்கிப்பாண்டி எழுந்து வந்து சரியாக மாட்டிவிட்டான். சுஃபியான் புல்லில் முழங்காலிட்டு, தங்கையின் முதுகில் வட்டை வைத்தான். சிரிப்பு, போன், மைதானம் எல்லாம் அடங்கிப்போயின. வலப்பக்கம் அடியில் நூல்போல் ஒன்று கேட்டது. கையைத் தூக்கி, இரு என்றான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் மேடம் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். அவன் அவசரப்படவில்லை. நூல் அறுந்தது. பிறகு அந்தக் காற்று வந்தது, அடிவரை போய், திரும்பி.

"போ," என்றான்.

அவள் போனாள். நடுக்கோட்டை நெருங்கினாள்; அந்தக் கோட்டைத் தாண்டி, பந்தையும் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்தில் இருந்தவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். யாரோ கத்தினார்கள். அவன் கத்தவில்லை.

பக்கத்தில் நிழல் விழுந்தது. பெனிட்டோ. கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி நின்றான். அப்புறம் புல்லில் உட்கார்ந்து, முதுகைத் திருப்பி, பனியனைத் தோள்வரை ஏற்றினான்.

"எனுக்கும் பாரு. அந்தப் பையன் கையிலே இன்ஜின்னு காட்னதிலேர்ந்து பேஜாரா கீது."

போன்கள் இப்போது இந்தப் பக்கம் திரும்பின. சுஃபியான் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அந்தப் பரந்த முதுகில் வைத்தான்.

"பேசாத," என்றான். "பேசினா கேக்காது."